பாலாறும் மரபணுச் சுவடும்

தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழுமையான அறிவியல் உறுதி இல்லையென்று தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடலாகாது. தீங்கில்லையென மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோருடையது என்றது.

2013இல் உயிரித் தகவலியலாளர்கள் 7,042 புற்றுக்கட்டிகளின் மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராய்ந்து, 21 வகைத் திரிபுச் சுவடுகளைப் பிரித்தறிந்தனர். புகையிலையும் வெயிலும் தத்தம் தடத்தைப் பதித்திருந்தன.

பதனிடப் பயன்படுவது மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மலையாய்க் குவிந்த குரோமேட் கழிவிலோ ஆறு இணைதிறன் குரோமியம்; அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்குமென 1990இலேயே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருந்தது.

சுவடு, நோய் வந்தபின் படிக்கும் வரலாறு. பாலாற்றங்கரை மனிதரின் உயிரணு சாட்சி சொல்லும்வரை காத்திருக்கலாகாது என்பதையே அத்தீர்ப்பின் சாரமாக நாம் கொள்கிறோம்.