பேரியாற்றங்கரையில் மலைவளம்

இயற்கை எழில் காணப் பயணம் போதல் மேலை நாட்டார் வழியே நமக்கு வந்த பழக்கம் என்று எண்ணுவோர் உளர். அன்னோர் சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையை ஒருமுறை படித்தல் நன்று. வஞ்சி நகரத்து வெள்ளிமாடத்தில் வீற்றிருந்த சேரன் செங்குட்டுவனுக்கு மலைவளம் காணும் வேட்கை பிறக்கிறது. தேவி வேண்மாளோடும் பரிவாரத்தோடும் புறப்பட்டுச் சென்று, பேரியாற்றின் மணல்மேட்டில் தங்குகிறான். மலைவாழ் மக்கள் யானைக்கோடு, அகில், சந்தனம், தேன், ஏலம், மிளகு முதலியவற்றைத் திறையாகச் சுமந்து வந்து வணங்குகின்றனர். வேங்கை மரத்தடியில் தாம் கண்ட ஒரு பெண்ணின் செய்தியையும் அவர்களே உரைக்கின்றனர். சாத்தனார் உடனிருந்து கண்ணகி வரலாற்றை விளக்குகிறார். எழில் காணச் சென்ற ஓர் உலாவே வஞ்சிக் காண்டத்திற்கு வாயிலாகிறது.

அவ்வஞ்சி கருவூரா, கொடுங்கல்லூரா என்பது பற்றி அறிஞரிடையே நெடிய வழக்கு உண்டு. ஆயினும் அப்பேரியாறு இன்றைய பெரியாறே எனக் கொள்வார் பலர். மட்டாஞ்சேரியில் வாழும் தமிழராகிய நமக்கு இச்செய்தி மிக நெருங்கியது. மூணாறு, தட்டேக்காடு, அதிரப்பள்ளி, ஆலுவா, வைப்பின் என்று நடுக்கேரளத்தின் காட்சி இடங்களைத் தனித்தனியே கண்டு மகிழ்ந்து திரும்புகிறோம். அவையெல்லாம் ஓர் ஆற்றின் குடும்பம் என்பதை நினைவதில்லை. அவ்வுறவைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குறிஞ்சி

சிவகிரி மலைகளில் தோன்றி 244 கிலோமீட்டர் ஓடும் பெரியாறு, கேரளத்து ஆறுகளில் நீளத்தால் முதன்மையானது. தேக்கடியில் நாம் படகேறிக் காணும் ஏரி, 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணையால் உண்டானது. நீரில் மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் இன்றும் அங்கே தலைகாட்டி நிற்கின்றன. அவ்வேரியின் நீர் மலையைக் குடைந்த வழியே கிழக்கே பாய்ந்து வைகைப் படுகையை வளப்படுத்துகிறது. மேற்கே கொச்சியும் கிழக்கே மதுரையும் ஓராற்றின் நீரை உண்பன என்பது எண்ணி வியக்கத்தக்கது.

மூணாறு என்னும் பெயரே முத்திரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகளின் கூடலைக் குறிப்பதாகும். கூடிய நீர் முத்திரைப்புழையாகிப் பெரியாற்றை அடைகிறது. ஊருக்கு மேலே 2695 மீட்டர் உயர்ந்த ஆனைமுடி நிற்க, அதன் சாரலில் 1978இல் தேசியப் பூங்காவான எரவிகுளம் வரையாடுகளைக் காத்து வருகிறது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி மலர்ந்து மலையையே நீலமாக்கும். திணைக்குப் பெயர் தந்த மலரைக் கண்ணாரக் காண விழையும் தமிழருக்கு இதனினும் சிறந்த இடம் அரிது.

இடைநிலம்

மலையிறங்கிய ஆறு தட்டேக்காட்டில் அகன்று அமைதி கொள்கிறது. 1933இல் இப்பகுதியை ஆராய்ந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதன் பறவை வளத்தைப் போற்றினார். அவர் பெயராலேயே 1983இல் 25 சதுர கிலோமீட்டர்ப் புகலிடம் அமைந்தது. வடக்கே ஏறத்தாழ 80 அடி உயரத்திலிருந்து அதிரப்பள்ளியில் வீழும் சாலக்குடி ஆறும், கடலுக்கு அணித்தே பெரியாற்றோடு கலப்பதே. கொச்சி அரசு அமைத்த டிராம் பாதை, பறம்பிக்குளத்துக் காட்டு மரங்களை 1963 வரை சாலக்குடிக்குச் சுமந்து வந்தது. ஆலுவாவின் மணற்புறத்தில் சிவராத்திரிதோறும் மக்கள் திரள்வதைக் காணும்போது, மணல்மேட்டில் அமர்ந்த சேரனின் காட்சி நம் நினைவில் எழாமல் இராது.

நெய்தல்

ஆலுவாவில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடகிளை கொடுங்கல்லூர்ப் பக்கம் சென்று கடலடைய, தென்கிளை வராப்புழை வழியே கொச்சிக் காயலில் கலக்கிறது. இப்பிரிவை அறிந்தால் துறைமுகத்தின் வரலாறு விளங்கும். யவனர் மரக்கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்ற முசிறியை அகநானூற்றின் 149ஆம் பாடல் பேசுகிறது. 1341இல் எழுந்த பெருவெள்ளம் வடக்கு முகத்துவாரத்தைத் தூர்த்து, கொச்சி முகத்துவாரத்தை அகலத் திறந்தது என்பது வழிவழியாகக் கூறப்படும் வரலாறு. வைப்பின் தீவு மக்கள் அவ்வாண்டு முதல் புதுவைப்பு என்னும் ஆண்டுக் கணக்கையே வழங்கினர். 1555இல் போர்ச்சுகீசியர் கட்டிக் கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையும், 1568இல் எழுந்த பரதேசி யூதர் ஆலயமும், மிளகும் ஏலமும் மணக்கும் பண்டகசாலைகளும் அத்துறைமுகத்தின் பிள்ளைகளே. செங்குட்டுவன் காலடியில் மலைமக்கள் வைத்த பண்டங்கள் நம் தெருவுக்கு வந்து கப்பலேறின எனலாம்.

ஆற்றின் சினம்

ஆக்கிய ஆறே அழித்ததும் உண்டு. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' எனப்படும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், மூணாற்றின் குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் எழவில்லை. 2018 ஆகஸ்டில், குறிஞ்சி பூக்கும் பருவத்திலேயே மலை சரிந்தது. ஆலுவாவும் நெடும்பாசேரி விமான நிலையமும் நீரில் மூழ்கின. 2020 ஆகஸ்டில் எரவிகுளத்தை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 உயிர்கள் மாண்டன. தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளில் உறங்கிய நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அவை. வரையாடு காணச் செல்வோரின் பாதைக்கு அருகிலேயே அவ்விடம் உள்ளது.

1341இன் வெள்ளம் துறைமுகம் தந்தது என்று மகிழும் நாம், அன்று முசிறிக் கரையில் வாழ்ந்தோர் இழந்ததை எண்ணிப் பார்ப்பதில்லை. மலையில் மரம் குறைந்தால் மண் ஆற்றுக்கு வரும். ஆற்றில் மணலைத் தோண்டினால் கரை இடியும். காயலைத் தூர்த்தால் வெள்ளத்திற்கு இடமின்றிப் போகும். மூணாற்றில் நேரும் கேடு மட்டாஞ்சேரியை அடையாது என்று இருத்தல் அறியாமை.

ஆதலின், நடுக்கேரளத்தின் எழில் காண விழைவோர் கொச்சி முகத்துவாரத்தில் தொடங்கி ஆற்றை எதிர்த்தே செல்க. ஆலுவா, தட்டேக்காடு, மூணாறு என்று ஏறுக. செல்லும் இடந்தோறும் அங்கு வாழ்வோரோடு பேசுக. மலைவளம் காணச் சென்ற மன்னன், கையுறை பெற்றதோடு நில்லாமல் மலைமக்கள் சொல்லையும் செவிமடுத்தான். அதனாலன்றோ தமிழுக்கு ஒரு காண்டம் கிடைத்தது!