'ஹ்யூமனா... சைலானா?' - சிங்கப்பூரில் ஒரு ரோலர் கோஸ்டர் நாள்: ஏறும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் வாசலில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தப் பெரிய உலக உருண்டை முன்னால் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள். நீங்களும் எடுங்கள், ஆனா சாயங்காலம் வெளியே வரும்போது. காலையில் கேட் திறந்த முதல் ஒரு மணி நேரம் ரோலர் கோஸ்டருக்கானது. அந்த நேரத்தை உருண்டைக்குக் கொடுத்துவிட்டால், மதியம் வெயிலில் வரிசையில் நின்றுதான் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும்.

சென்டோசா தீவுக்கு விவோசிட்டி மாலிலிருந்து ரயிலில் வரலாம், கடலை ஒட்டிய பலகைப் பாதையில் நடந்தும் வரலாம். எப்படி வந்தாலும் கண்ணில் படுவது சிவப்பும் நீலமுமாகப் பின்னிக் கிடக்கும் இரண்டு தண்டவாளங்கள்தான். இந்தப் பூங்காவின் பெரிய ரோலர் கோஸ்டர்களான 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' இரட்டையர்கள் இவை. சிவப்பு 'ஹ்யூமன்'. நீலம் 'சைலான்'. அதே பெயர் கொண்ட அமெரிக்க டி.வி தொடரில் மனிதர்களும் இயந்திரங்களும் மோதிக்கொள்வார்கள். இங்கேயும் அதே மோதல்தான். இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில் கிளம்பி, இதோ இடிக்கப் போகிறது என்கிற மாதிரி நெருங்கி விலகும். உச்சி 42.5 மீட்டர். கிட்டத்தட்ட 14 மாடி உயரம்.

நம்ம ஊர்க் குடும்பம் ஒன்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் உடனே ஒரு பஞ்சாயத்து ஆரம்பிக்கும். "நீ ஏறுவியா? பயமா? இவ்ளோதானா நீ?" இந்த இடத்திலேயே பாதிப் பேருடைய நாள் கெட்டுவிடுகிறது. எதில் ஏறுவது என்பதை தைரியத்தை வைத்து முடிவு பண்ணக் கூடாது. உங்களுக்கு எந்த வகைப் பயம் என்பதை வைத்து முடிவு பண்ணணும்.

பயத்தில் இரண்டு ரகம்

திருவிழா ராட்டினத்தில் ஏறியிருப்பீர்கள். மேலே போகும்போது ஒன்றும் இருக்காது. உச்சியிலிருந்து இறங்க ஆரம்பிக்கும் அந்த நொடியில் அடிவயிறு 'ஜிவ்'வென்று மேலே எழும்புமே, அதுதான் முதல் ரகம். உங்கள் உடம்பு, சீட்டை அழுத்துவதை நிறுத்திவிடுகிறது. வயிற்றுக்குள் குடல்கூடக் கொஞ்சம் மிதக்கிறது. கோஸ்டர் ரசிகர்கள் இதை 'ஏர்டைம்' என்பார்கள். சிலருக்கு இதற்காகவே உயிர். சிலருக்கு இது மட்டும்தான் தாங்காது.

இரண்டாவது ரகம், உலகம் தலைகீழாகத் திரும்புவது. இது பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால், பெரும்பாலான வளையங்களில் வேகமே உங்களைச் சீட்டோடு சேர்த்து அழுத்திவிடும். தலைகீழாக இருக்கும்போதுகூடக் கீழே தொங்குகிற உணர்வு அவ்வளவாக வராது. தண்ணீர் நிறைந்த வாளியை வேகமாகத் தலைக்கு மேலே சுழற்றினால் ஒரு சொட்டும் சிந்தாது இல்லையா, அதே கணக்கு.

இப்போது சிவப்பையும் நீலத்தையும் பாருங்கள். ஹ்யூமன் மணிக்கு 90 கி.மீ வேகம். சாதாரண ரயில் மாதிரி உட்கார்ந்து போகலாம், தலைகீழாகத் திரும்புவதே கிடையாது. சைலானின் வேகம் 82.8 கி.மீ.தான். ஆனால், ரயில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், கால்கள் அந்தரத்தில் ஆடும், ஐந்து முறை தலைகீழ். வேகம் அதிகமானது சிவப்பு. பார்க்கும்போது வயிற்றைக் கலக்குவது நீலம். எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

தலைகீழ் என்றாலே நடுங்குபவரா? ஹ்யூமனில் தொடங்குங்கள். ராட்டினம் இறங்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்பவரா? ஒருவேளை சைலான்தான் உங்களுக்கு நல்ல நண்பனாக இருக்கும், கொஞ்சம் யோசியுங்கள். எதுவானாலும் காலையிலேயே முடித்துவிடுங்கள். சிங்கப்பூரில் பிற்பகல் இடி மழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். 'லஞ்ச் முடிச்சிட்டு நிதானமா ஏறலாம்' என்று தள்ளிப்போட்டு, மழையைப் பார்த்துக்கொண்டே திரும்பியவர்கள் நிறைய.

முன் சீட்டா, பின் சீட்டா?

"முன்னாடி உட்கார்ந்தாதான் பயமா இருக்கும்" என்பது பாதி உண்மை. முன் வரிசையில் காற்று முகத்தில் அறையும், எதிரே எதுவும் மறைக்காது. ஆனால், உச்சியைத் தாண்டும் நொடியை யோசித்துப் பாருங்கள். முன் பெட்டி உச்சியைக் கடக்கும்போது ரயிலின் பெரும்பகுதி இன்னும் பின்னால் ஏறிக்கொண்டுதான் இருக்கும். அதனால் மெதுவாகக் கடந்து, சரிவின் விளிம்பில் கொஞ்சம் தொங்கும். பின் பெட்டி உச்சிக்கு வரும்போது, முன்னால் இருக்கும் பாரம் முழுக்கக் கீழே பாய ஆரம்பித்திருக்கும். அது உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். ஏர்டைம் வேண்டும் என்பவர்கள் பின்னால் ஓடுவது இதற்காகத்தான். முதன்முறை ஏறுபவருக்கு நடு வரிசை போதும்.

ஏறி உட்கார்ந்ததும் முதுகும் தலையும் சீட்டில் ஒட்டியிருக்கட்டும். தலையை முன்னால் நீட்டிக் கீழே எட்டிப் பார்த்தால், அடுத்த திருப்பத்தில் கழுத்துதான் பதில் சொல்லணும். கண்ணை மூடாதீர்கள். தண்டவாளம் போகும் திசையைப் பாருங்கள். அடுத்து என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தால் உடம்பு தானாகத் தயாராகிவிடும், குமட்டலும் குறையும். கத்தணும்னு தோன்றினால் கத்திவிடுங்கள், மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்வதற்கு அது எவ்வளவோ மேல்.

சக்கரம் ஏன் கழன்று ஓடாது?

வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் ஓடும் கேள்வி இது. 1884-ல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லமார்க்கஸ் தாம்ப்சன் என்பவர் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஒரு சறுக்கு ரயில் ஓட்டினார். வேகம் மணிக்கு சுமார் 10 கி.மீ.தான், நம் சைக்கிளைவிடக் குறைவு. அந்தக் காலத்து வண்டிகள் தண்டவாளத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன, அதனால் வேகத்தைக் கூட்ட முடியவில்லை. 1919-ல் ஜான் மில்லர் என்ற பொறியாளர், தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை வைத்துக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் அதே முறைதான். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று பக்கமும் சக்கரங்கள் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டிருக்கும். சீட் மேலே எழும்பினாலும் ரயில் எழும்ப முடியாது.

பல கோஸ்டர்களில் மேலே ஏறும்போது 'கடக் கடக்' என்று ஒரு சத்தம் வரும். கேட்டாலே நெஞ்சு படபடக்கும். உண்மையில் அது, சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னோக்கிச் சரியாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் பல்லுக்குப் பல் மாட்டும் சத்தம். இது தெரிந்துவிட்டால் அடுத்த முறை கேட்க இனிமையாகவே இருக்கும்!

தலைகீழ் வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. 1895-ல் கோனி ஐலண்டில் சுத்தமான வட்ட வளையம் வைத்து ஒரு கோஸ்டர் வந்தது. வட்டத்துக்குள் நுழையும் நொடியில் அழுத்தம் திடீரென்று எகிறி, கழுத்தைப் பதம் பார்த்துப் பேர் கெட்டுப்போனது. 1976-ல் கலிஃபோர்னியாவில் 'ரெவல்யூஷன்' வந்தபோதுதான், கீழே அகலமாகவும் மேலே இறுக்கமாகவும் வளையும் புது வடிவம் நிலைத்தது. அழுத்தம் படிப்படியாக ஏறி இறங்குவதால் கழுத்து தப்பித்தது.

இன்னொரு சுவாரஸ்யம். பனிச்சறுக்கு மேடைகள் ரஷ்யாவில் தொடங்கியதால், பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ரோலர் கோஸ்டரை 'ரஷ்ய மலை' என்கிறார்கள். ரஷ்யர்களோ அதை 'அமெரிக்க மலை' என்கிறார்கள்!

ஒரு சென்டிமீட்டர் சண்டை

கலாக்டிகா இரண்டுக்கும் குறைந்தபட்ச உயரம் 125 செ.மீ. 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி'க்கு 122. "ஒரு சென்டிமீட்டர்தானே சார், நான் பக்கத்துலேயே பிடிச்சுக்கிறேன்" என்று ஊழியரிடம் கெஞ்சும் அப்பாக்கள் எல்லா ஊர்ப் பூங்காவிலும் உண்டு. ஷூவுக்குள் கர்ச்சீஃப் மடித்து வைக்கும் அம்மாக்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். உயரக் கணக்கு குழந்தையின் தைரியத்தை அளப்பதற்கு அல்ல. பாதுகாப்புக் கம்பி தோளிலும் இடுப்பிலும் சரியான இடத்தில் உட்காருமா என்பதற்கு. 90 கி.மீ வேகத்தில் திரும்பும்போது அப்பாவின் கைப்பிடி எதற்கும் உதவாது. கிளம்புவதற்கு முன்பே வீட்டுச் சுவரில் குழந்தையின் உயரத்தை அளந்து, எது முடியும் எது முடியாது என்று சொல்லிவிட்டால் அங்கே போய் அழுகை இருக்காது.

பெரியவர்களுக்கும் இதே கண்டிப்பு தேவை. இதயப் பிரச்னை, கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், கழுத்து - முதுகு வலி, சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம்... இதில் எது இருந்தாலும் பெரிய கோஸ்டர் வேண்டாம். கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் இருக்கும் பெண், இன்னும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம். அம்மாதிரி நேரத்தில் நாத்தனாரும் கொழுந்தனும் "சும்மா வா அண்ணி" என்று கையைப் பிடித்து இழுப்பது எவ்வளவு சங்கடம்? ஒருவர் 'வேண்டாம்' என்றால் காரணம் கேட்காமல் விட்டுவிடுவதே மரியாதை. வரிசையின் கடைசியில், சீட்டுக்குப் பக்கத்தில் போய் மனசு மாறினாலும் ஊழியரிடம் சொன்னால் போதும், ஏறாமல் வெளியேறிவிடலாம்.

இந்த இரட்டையர்களின் வரலாறே இதற்கு உதாரணம். 2010 மார்ச்சில் பூங்காவோடு சேர்ந்து திறந்து, சில நாள்களிலேயே தொழில்நுட்பக் கோளாறால் மூடப்பட்டு, 2011 பிப்ரவரியில்தான் மறுபடி ஓடின. 2013-ல் மீண்டும் மூடி, வரிசைக்கு நான்கு சீட் இருந்த பெட்டிகளை இரண்டு சீட்டாக மாற்றி 2015-ல் திறந்தார்கள். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது பூங்காவுக்கே பொருந்தும்போது நமக்கென்ன?

இட்லி, இருட்டு, ஈரம்

காலியான வயிறோடு போகாதீர்கள். நெய் ரோஸ்ட், பூரி என்று வெட்டிவிட்டும் போகாதீர்கள். இரண்டு மூன்று இட்லியோ, டோஸ்ட்டோ, வாழைப்பழமோ போதும். கிளம்பும் முன் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். பாதி மயக்கம் வெயிலால் வருவதுதான், பழி கோஸ்டர் மேல் விழும். பஸ்ஸிலேயே வாந்தி வரும் ஆள் என்றால், அதற்கான மாத்திரையை டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பெரிதாகப் பிரயோஜனம் இல்லை. சில மாத்திரைகள் தூக்கம் தூக்கமாக வரவைக்கும் என்பதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

கலாக்டிகாவில் இறங்கிய சூட்டோடு பக்கத்திலேயே சுற்றும் 'ஆக்சலரேட்டர்' கிண்ணங்களில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். குழந்தைத்தனமாகத் தெரியும். ஆனால், காதுக்குள் இருக்கும் திரவத்தைக் கலக்கி விடுவதில் சுற்றுகிற ரைடுகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோஸ்டரில் தாக்குப்பிடித்த பலர் கிண்ணத்தில்தான் கவிழ்கிறார்கள்.

அதற்குப் பதில் அடுத்த பகுதியான எகிப்துக்கு நடந்து 'மம்மி'யில் ஏறுங்கள். கட்டடத்துக்குள் இருட்டில் ஓடுவதால் மழை பெய்தாலும் கவலை இல்லை. உயரமோ, தலைகீழோ கிடையாது. ஆனா இருட்டில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது, நடுவில் பின்னோக்கி வேறு போகும். கலாக்டிகாவைவிட இதற்கு அதிகம் கத்தினேன் என்பவர்களை நம்பலாம். என் ஓட்டும் இதற்குத்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ஃபார் ஃபார் அவே பகுதியில் 'என்சான்டட் ஏர்வேஸ்', லாஸ்ட் வேர்ல்டில் 'கேனப்பி ஃப்ளையர்' இருக்கின்றன. கேனப்பியில் பாதிப் பேர் முன்னோக்கியும் பாதிப் பேர் பின்னோக்கியும் உட்கார்ந்து தொங்கிக்கொண்டே போவார்கள். பாட்டியின் கையைப் பிடித்துக் கூட்டிப்போகத் தோதான அளவு.

ஜுராசிக் பார்க் படகுச் சவாரியைக் கடைசிக்கு வையுங்கள். தொப்பலாக நனைவீர்கள். ஈர ஜீன்ஸோடு அடுத்த வரிசையில் நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

உடைமைகள் விஷயத்தில் கெடுபிடி அதிகம். செல்போன், கண்ணாடி, தொப்பி எல்லாம் லாக்கருக்குள். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், கூந்தலை இறுக்கிக் கட்டுங்கள். தளர்வான செருப்போடு சைலானில் கால் தொங்கவிட முடியாது. பாக்கெட்டில் ஒளித்துவைத்த ஒரு செல்போன் மேலிருந்து விழுந்தால், கீழே நடந்து போகிறவர் தலைக்கு அது கல்.

தனியாக உட்கார சம்மதம் என்றால் 'சிங்கிள் ரைடர்' வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். காத்திருப்பு பெரும்பாலும் குறையும், பக்கத்துச் சீட்டில் முன்பின் தெரியாதவர் கத்துவார், அவ்வளவுதான். ஒரே கோஸ்டரில் இடைவெளி விடாமல் நாலைந்து முறை ஏறுவது வேண்டாம். நடுவில் அரை மணி நேரம் நிழலில் உட்காருங்கள். இறங்கிய பிறகு லேசான தலைசுற்றல் சகஜம். தலைவலி மறுநாளும் விடாமல் இருந்தாலோ, கூடிக்கொண்டே போனாலோ, 'அலைச்சல்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரைப் பாருங்கள்.

ராத்திரி ஹோட்டல் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினால் கட்டில் ஒருமுறை கீழே இறங்கும். பயப்படாதீர்கள். தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.