பணம் வந்த பாதை – 9: நோட்டில் ஏறிய நிதியமைச்சர்

1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தபோது, லிங்கன் அரசின் கஜானா ஏறக்குறையக் காலி. நாட்டில் காகித நோட்டுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றை வெளியிட்டது அரசாங்கம் அல்ல. மாகாணங்களில் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள். நூற்றுக்கணக்கான வங்கிகள், ஆயிரக்கணக்கான வடிவங்கள். எது நல்ல நோட்டு, எது கள்ளநோட்டு, எந்த வங்கி திவாலாகிவிட்டது என்று சொல்வதற்கென்றே பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. கடைக்காரர்கள் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கல்லாவைத் திறப்பார்கள்.

நிதியமைச்சர் சால்மன் சேஸ் தங்கத்தை நம்பியவர். கேட்டால் தங்கமாக மாற்றித் தருவோம் என்ற வாக்குறுதியோடுதான் 1861-இல் முதல் அரசாங்க நோட்டுகளை வெளியிட்டார். அந்த வாக்குறுதி ஆண்டு முடிவதற்குள் முறிந்தது. தங்கம் தருவதை வங்கிகள் நிறுத்த, அரசும் நிறுத்தியது. 1862 பிப்ரவரி 25 அன்று லிங்கன் கையெழுத்திட்ட சட்டம் 15 கோடி டாலருக்குப் புது நோட்டுகளை அனுமதித்தது. இவற்றுக்குத் தங்கம் கிடையாது. ஆனாலும் கடனுக்கு நீட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இறக்குமதிச் சுங்கத்துக்கு மட்டும் அரசாங்கமே இந்த நோட்டை ஏற்காது; தங்கம்தான் கொண்டுவர வேண்டும்.

1861-இன் அந்த முதல் நோட்டுகளை அச்சடித்தவை நியூயார்க்கின் தனியார் நிறுவனங்கள். எஃகுத் தகட்டில் படத்தைக் குழியாகச் செதுக்கி, குழிகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்துவார்கள். மை தாளின் மேல் மேடாக எழும்பி நிற்கும். விரலால் தடவினாலே தெரியும். பின்பக்கம் பச்சை. அன்றைய கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும் என்பதால், படமெடுத்து நகல் செய்யும் கள்ளநோட்டுக்காரர்களைத் தடுக்கவே வண்ண மை.

நான்கு நான்கு நோட்டுகள் கொண்ட தாள்களாக அவை வாஷிங்டனுக்கு வந்து சேரும். ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு அதிகாரிகளின் கையெழுத்து வேண்டும். லட்சக்கணக்கான நோட்டுகளுக்கு இருவரால் ஆகிற காரியமா? எழுத்தர்களை அமர்த்தினார்கள். அவர்கள் தம் பெயரை எழுதி, கூடவே ‘அவருக்காக’ என்ற சொற்களையும் கையாலேயே எழுத வேண்டியிருந்தது. கை ஓய்ந்துபோன பிறகுதான் அந்தச் சொற்களைத் தகட்டிலேயே செதுக்கிவிடும் யோசனை வந்தது. ‘அவருக்காக’ கையால் எழுதப்பட்ட அந்த ஆரம்ப நோட்டுகள் மிக அபூர்வம். இன்று சேகரிப்பாளர்கள் அவற்றுக்காக ஏலத்தில் போட்டி போடுகிறார்கள்.

1862 ஆகஸ்டு இறுதியில் நிதித்துறைக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஸ்பென்சர் கிளார்க் என்ற அதிகாரி ஓர் ஆணையும் நான்கு பெண்களையும் வைத்துக்கொண்டு, தாள்களை வெட்டி, முத்திரை குத்தும் வேலையைத் தொடங்கினார். அமெரிக்காவின் எல்லா டாலர் நோட்டுகளையும் இன்று அச்சடிக்கும் செதுக்கல் அச்சுப் பணியகத்தின் பிறப்பு அதுதான்.

அந்த ஆண்டு வந்த ஒரு டாலர் நோட்டில் இருந்த படம் யாருடையது? சேஸ் அவர்களுடையதேதான்! 1860-இல் ஜனாதிபதி வேட்பாளர் வாய்ப்பை லிங்கனிடம் பறிகொடுத்தவர், ஆசை அடங்கவில்லை. லிங்கன் படம் முந்தைய ஆண்டே பத்து டாலர் நோட்டில் வந்துவிட்டது. ஜனாதிபதிக்குப் பெரிய நோட்டைக் கொடுத்துவிட்டார், பெருந்தன்மைதான். ஆனால் சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளமே 13 டாலராக இருந்த காலத்தில் ஊர் முழுக்க உலவப்போவது எந்த முகம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? (பிற்காலத்தில் 10,000 டாலர் நோட்டிலும் அவர் படம் இடம்பெற்றது.)

கிளார்க்கும் சளைத்தவரல்லர். மக்கள் நாணயங்களைப் பதுக்கியதால் சில்லறைக்குப் பதிலாகச் சென்ட் நோட்டுகள் அச்சாயின. அவற்றில் ஐந்து சென்ட் நோட்டில் தன் தாடி முகத்தையே வைத்துவிட்டார். நாடாளுமன்றம் கொதித்தது. உயிரோடிருப்பவர் படம் பணத்தில் கூடாது என்று 1866-இல் சட்டமே வந்தது.

சேஸின் கதை அதோடு முடியவில்லை. 1864-இல் பதவி விலகியவரை லிங்கன் அதே ஆண்டு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக்கினார். 1870 பிப்ரவரி 7 அன்று, அந்த நாற்காலியில் இருந்து சேஸ் எழுதிய தீர்ப்பு: 1862 சட்டத்துக்கு முன்பு வாங்கிய கடனுக்கு இந்த நோட்டை வாங்கும்படி கட்டாயப்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம். தான் அச்சடித்த, தன் முகமே பதிந்த நோட்டு! இதைச் சந்தர்ப்பவாதம் என்பாரும் உண்டு. போர்க்காலத்தில் தன் கொள்கையை விழுங்கியவர் பிறகு அதை மீட்டுக்கொண்டார் என்றே எனக்குப் படுகிறது.

தீர்ப்பு வந்த அதே நாளில் ஜனாதிபதி கிராண்ட் இரண்டு புதிய நீதிபதிகளின் பெயரை முன்மொழிந்தார். 1871 மே மாதம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முந்தைய தீர்ப்பு கவிழ்ந்தது. எதிர்த்த நால்வரில் சேஸும் ஒருவர்.