மரத்துக்கு எண் எழுதிய கதை

திருப்பூரின் பழைய பனியன் கம்பெனிக் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓட்டுக் கூரை நினைவிருக்கும். மேலே மங்களூர் ஓடு, கீழே ரீப்பர், கைமரம், உத்திரம். அதைச் செய்த ஆசாரி மரத்தைத் தட்டிப் பார்ப்பார், ரேகை ஓடும் திசையைப் பார்ப்பார், "தாங்கும்" என்பார். கணக்கு அவ்வளவுதான்.

போன மாதம் தம்பி மகன் லேப்டாப்போடு வந்தான். ஒரு தையல் யூனிட்டுக்குள் பெட்டிகள் அடுக்க மரத்தில் மச்சு போடுகிறார்களாம். கீழே பெண்கள் உட்கார்ந்து தைப்பார்கள். "எல்லாம் சரியா வந்திருச்சுங்க பெரியப்பா" என்றான். மரத்துக்கு என்ன எண் கொடுத்தாய் என்று கேட்டேன். அதிலிருந்து பேச்சு பழைய கதைக்குப் போயிற்று.

1906-ல் டேராடூனில் வன ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. இந்திய மரங்களை வகை வகையாகச் சோதித்தார்கள். முடிச்சோ வெடிப்போ இல்லாத, 5 செ.மீ. சதுரமும் 75 செ.மீ. நீளமும் கொண்ட துண்டு. அதை 70 செ.மீ. இடைவெளியில் தாங்க வைத்து, நடுவில் பாரம் ஏற்றி, எவ்வளவு வளைகிறது, எப்போது முறிகிறது என்று குறித்தார்கள். பள்ளியில் படித்த யங் குணகம் இப்படித்தான் ஒவ்வொரு மரத்துக்கும் கிடைத்தது. மற்ற மரங்களை ஒப்பிட, தேக்கை 100 என்று வைத்தார்கள்.

அந்தச் சோதனைகளின் பலன் ஐ.எஸ். 883 என்ற இந்தியத் தர விதியில் இருக்கிறது. அதில் யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 12,600 நியூட்டனுக்கு மேல் இருந்தால் ஏ பிரிவு. 9,800-க்கு மேல் பி. 5,600-க்கு மேல் சி. சால் மரம் ஏ பிரிவு. நாம் கொண்டாடும் தேக்கு பெரும்பாலும் பி பிரிவுதான். அதன் பெருமை கரையானுக்கும் ஈரத்துக்கும் அசையாததில் இருக்கிறது. எந்த வட்டாரத்து மரம் என்பதைப் பொறுத்தும் எண் மாறும். உள்ளே, வெளியே, ஈரமான இடம் என்று வலிமைக்கு மூன்று கணக்கு வேறு உண்டு. சாயப்பட்டறைக்கு ஒரு எண், தையல் கூடத்துக்கு ஒரு எண் என்று நம் ஊர்க்காரர்கள் புரிந்துகொள்ளலாம்.

பிறகு மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, உலர்த்தி, ரேகை ஒரே திசையில் இருக்கும்படி ஒட்டிய எல்.வி.எல். வந்தது. முடிச்சுகள் தாள்களுக்குள் சிதறிவிடுவதால் துண்டுக்குத் துண்டு வித்தியாசம் குறைவு. அதற்கு 1999-ல் ஐ.எஸ். 14616 வந்தது. தம்பி மகன் எடுத்ததும் இந்த மரம்தான்.

யங் குணகத்தைச் சரியாகத்தான் போட்டிருந்தான். ஆனால் இரும்புக்கு உரிய கட்டத்தில் போட்டிருந்தான். இரும்புக்கு எல்லாத் திசையும் ஒன்று. அதனால் பாய்சான் விகிதம் 0.3 என்று கொடுத்தால், விறைப்புக் குணகத்தை மென்பொருள் தானே கணக்கிட்டு, யங் குணகத்தில் 2.6-ல் ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளும். மரத்தில் அது ஏறக்குறைய 16-ல் ஒரு பங்குதான். ஆக, இல்லாத விறைப்பை ஆறு மடங்கு கூட்டிக் கொடுத்தாயிற்று. ரேகைக்குக் குறுக்கே போனால் யங் குணகமே 20-ல் ஒரு பங்காகக் குறையலாம். நீளமான ஒல்லி உத்திரத்தில் இது பெரிதாகத் தெரியாது. குட்டையான, ஆழமான உத்திரத்திலும் தளப் பலகையிலும் தொய்வைக் குறைத்துக் காட்டிவிடும். போதாததற்கு, வருஷம் முழுக்கப் பெட்டி அடுக்கினால் மரம் மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். அதையும் அவன் சேர்க்கவில்லை.

கம்பெனியிடம் சோதனைத் தாளை வாங்கி, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி எண் கொடுத்து மறுபடி ஓட்டினான். உத்திரத்தின் ஆழத்தைக் கூட்ட வேண்டி வந்தது. செலவு கொஞ்சம் ஏறியதில் முதலாளிக்கு வருத்தமாம்.

ஆசாரி ரேகையைப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுத்தார். மென்பொருளுக்கு ரேகை தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும் என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.