வேலூர்க் கோட்டையும் 1806-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும்

வேலூர்க் கோட்டை என்றவுடன், 1806-ஆம் ஆண்டில் அங்கு நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியே வரலாறு பயில்வோர் நினைவிற்கு வரும். அதன் காரணம்பற்றி இருவேறு கொள்கைகள் அந்நாள்தொட்டு நிலவி வருகின்றன. புதிய உடை விதிகளே காரணம் என்பர் ஒரு சாரார். திப்பு சுல்தானின் மைந்தர்பாற் கொண்ட பற்றும் அவர்தம் சூழலில் எழுந்த சூழ்ச்சியுமே காரணம் என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டும் தம்முள் மாறுபட்டன அல்ல என்பதும், இரண்டும் ஒன்றுகூட இடந்தந்தது அப்படைநிலையின் அமைப்பே என்பதும் எமது கருத்தாகும். அதனை ஈண்டு ஆராய்வோம்.

இக்கோட்டை விசயநகரப் பேரரசின் காலத்தில், கி.பி. 16-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கருங்கல் மதிலும், அதனைச் சூழ்ந்த அகன்ற அகழியும், உள்ளே சலகண்டேசுவரர் கோயிலும் இதன் சிறப்புகள். பிசப்பூர்ச் சுல்தான்கள், மராத்தியர், முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள் எனப் பலர் கை மாறி, இறுதியில் கும்பினியார் வசமாயிற்று. இரண்டாம் மைசூர்ப் போரில் ஐதர் அலியின் படை வளைத்த போதும் இது வீழ்ந்திலது. புறப்பகையைத் தடுப்பதில் இதன் வலிமை ஐயத்திற்கு இடமில்லாதது.

1799-இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின், திப்புவின் மைந்தரையும் குடும்பத்தாரையும் கும்பினியார் இக்கோட்டைக்குள்ளேயே காவலில் வைத்தனர். மைசூரினின்று உடன்வந்தோர் பலர் அருகிலுள்ள பேட்டையில் குடியேறினர். இவ்வாறு ஒரே மதிலுக்குள் அரசர் சிறையும் படைவீரர் இருக்கையும் அமைந்தன. 1806 சூலைத் திங்களில் ஆங்குச் சுமார் 1,500 இந்திய வீரரும், 69-ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த நான்கு குழுக்களாகிய ஆங்கிலேய வீரரும் இருந்தனர்.

1805 நவம்பரில் புதிய தலைப்பாகை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் நெற்றிக்குறி, காதணி, தாடி ஆகியனவும் தடுக்கப்பெற்றன. 1806 மே மாதத்தில் அத்தலைப்பாகையை அணிய மறுத்த வீரர் இருவருக்கு 900 கசையடி விதிக்கப்பட்டது. சூன் மாதத்தில் முசுதபா பேக் என்னும் சிப்பாய் வரவிருக்கும் கிளர்ச்சியை முன்னறிவித்தான். அதிகாரிகள் அவனைப் பித்தன் எனத் தள்ளினர்.

சூலை 10-ஆம் நாள் விடியற்கு முன்னர்க் கிளர்ச்சி எழுந்தது. கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட்டு கொல்லப்பட்டார். மைசூரின் புலிக்கொடி ஏற்றப்பட்டது. ஆயினும் வெற்றி சில நாழிகையே நிலைத்தது. கிளர்ச்சியாளர் பலர் காவல் நிலைகளை விட்டகன்று கொள்ளையில் ஈடுபட, எஞ்சிய ஆங்கிலேய வீரர் வாயிலை அடுத்த மதிலின்மேல் நிலைகொண்டனர். ஆர்க்காட்டினின்று குதிரைப்படையுடன் விரைந்து வந்த கில்லெசுபி, அவ்வீரர்தம் இடைவார்களால் அமைந்த கயிற்றைப் பற்றி மதிலேறினார். பின்னர் வந்த பீரங்கிகள் கதவைப் பிளந்தன. உள்ளே அகப்பட்ட சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டனர். பகைவரைத் தடுக்க எழுந்த மதில் தம்மவரையே அடைத்துக் கொல்லும் மதிலாயிற்று.

இனி, கிளர்ச்சிக்குப்பின் அரசு செய்தவற்றை நோக்குக. அம்மாதத்திலேயே தலைப்பாகை ஆணை நீக்கப்பட்டது. திப்புவின் மைந்தர் கல்கத்தாவிற்கு அனுப்பப்பட்டனர். ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் திரும்ப அழைக்கப்பெற்றனர். உடையே முழுக் காரணமாயின், இளவரசரை அத்துணைத் தொலைவிற்கு அகற்ற வேண்டுவதில்லை. சூழ்ச்சியே முழுக் காரணமாயின், ஆணையை நீக்க வேண்டுவதில்லை. இரண்டையும் செய்தமையால், இரு காரணங்களும் உண்மை என அவ்வரசே ஒப்பியதாயிற்று. உடை விதி வீரர் உள்ளத்தைப் புண்படுத்தியது. அப்புண்ணுக்கு ஓர் அரசியல் குறிக்கோளை அளித்தது அருகிருந்த அரசர் சிறை. உடை விதியை எதிர்த்த பிற படைநிலைகளில் இத்தகைய பேரெழுச்சி நிகழாமையும் இதனையே வலியுறுத்தும்.

ஆதலின், இந்நிகழ்ச்சியைத் தலைப்பாகைக் கலகம் எனச் சுருக்குதலும், அரண்மனைச் சூழ்ச்சி எனப் புறக்கணித்தலும் ஒருங்கே பிழையாம். உயிர் கொடுத்த வீரரின் உள்ளத்தை அறிய முற்படுவோர், அரசாங்கக் குறிப்புகளோடு அவர் நின்ற கோட்டையின் அமைப்பையும் ஒரு சான்றாகக் கொள்ளுதல் வேண்டும் என்பதே எமது துணிபு.