மொரிஷியஸில் ஒரு டாக்டரின் கல்லறை

மொரிஷியஸ்னு சொன்னா நம்ம ஊர்ல ஹனிமூன் பேக்கேஜ்தான் ஞாபகம் வரும். எனக்கு ஒரு டாக்டர் ஞாபகம் வருவார்.

ஜாக் தெசிரே லாவல். பிரெஞ்சுக்காரர். 1830ல பாரிஸ்ல மருத்துவம் முடிச்சார். ஸ்டெதஸ்கோப் வந்து 15 வருஷம்கூட ஆகாத காலம் அது. சில வருஷம் சின்ன ஊர்கள்ல பிராக்டிஸ் பண்ணிட்டு, அதை விட்டுட்டு கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார். 1841ல மொரிஷியஸ் வந்து இறங்கினார்.

அப்போ அந்தத் தீவு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சாதான் மீதிக் கதை புரியும்.

பிரிட்டிஷ் ஆட்சி. எங்க பார்த்தாலும் கரும்பு. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர்ல இருந்து பிடிச்சுட்டு வந்த அடிமைகள் சுமார் 66,000 பேருக்கு 1835ல விடுதலை. அதுவும் காகிதத்துலதான். 1839 வரைக்கும் 'பயிற்சியாளர்'ங்கிற பேர்ல பழைய முதலாளிகிட்டயே வேலை செய்யணும். இழப்பீடு குடுத்தாங்க. யாருக்கு? முதலாளிகளுக்கு!

விடுதலையான மக்கள் கரும்புத் தோட்டத்தை விட்டு வெளியேற, அந்த இடத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள். சில பத்தாண்டுகள்ல நாலு லட்சத்துக்கும் மேல. (தமிழர்கள் அதுக்கும் முன்னாடியே, பிரெஞ்சு ஆட்சிக் காலத்துலயே, பாண்டிச்சேரிப் பக்கமிருந்து கட்டட வேலைக்கும் கைத்தொழிலுக்கும் போயிருந்தாங்க.)

லாவல் போய் நின்னது விடுதலையான கறுப்பின மக்கள்கிட்ட. அவங்க பேசுற கிரியோல் மொழியைக் கத்துக்கிட்டார், அதுலயே பாடம் சொன்னார். அவங்களுக்குன்னே தனியா பூசை வச்சார். வெள்ளை முதலாளிகளுக்கு இது சுத்தமா பிடிக்கல. அவர் கண்டுக்கல. அந்த மக்கள்ல இருந்தே ஆட்களைப் பழக்கி, நோயாளிகளைப் போய்ப் பார்க்க அனுப்பினார்.

1854ல காலரா வந்துச்சு. ஆயிரக்கணக்கான சாவு. இன்னைக்கு ஓஆர்எஸ், டிரிப்ஸ்னு போட்டு நாம காப்பாத்திடுற நோய். அன்னைக்கு எந்த டாக்டராலயும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது. மருத்துவம் படிச்ச அவருக்கு அது நல்லாவே தெரிஞ்சிருக்கும். மருந்து கையில இல்லாதப்ப மிச்சம் இருக்கிறது, நோயாளி பக்கத்துல போய் உட்கார்றது மட்டும்தான். அதை அந்தத் தீவுல யாரும் மறக்கலன்னு நான் நினைக்கிறேன்.

1864 செப்டம்பர் 9 அன்னைக்கு இறந்தார். போர்ட் லூயி பக்கத்துல சென்ட் குவாவில் கல்லறை. 1979ல போப் இரண்டாம் ஜான் பால் அவருக்கு அருளாளர் பட்டம் குடுத்தார்.

ஆனா மக்கள் அதுக்கெல்லாம் காத்திருக்கல. வருஷா வருஷம் செப்டம்பர் 8 ராத்திரி, தீவின் பல ஊர்கள்ல இருந்து நடந்தே வர்றாங்க. கிரியோல் மக்கள் மட்டுமில்ல. இந்துக்கள், முஸ்லிம்கள், சீன வம்சாவளியினர், தைப்பூசத்துக்குக் காவடி தூக்குற நம்ம தமிழ்க் குடும்பங்களும்தான். தைப்பூசம் அங்க அரசு விடுமுறை, பேரே 'காவடி'தான்! தமிழ் பேசத் தெரியாம கிரியோல்லயே வளர்ந்த தலைமுறைகூட காவடியை விடல, முருங்கைக்கீரையை விடல, கறிவேப்பிலையை விடல.

நம்ம ஊர்ல அதே செப்டம்பர் 8தான் வேளாங்கண்ணித் திருவிழாவோட கடைசி நாள். தற்செயல்தான். இங்க கொடி இறக்குற அன்னைக்கு ராத்திரி, அங்க ஒரு பழைய டாக்டரைப் பார்க்க ஜனங்க நடந்துக்கிட்டு இருப்பாங்க.