கொடிமரத் தீயும் மலையுச்சி மறுமொழியும்

ஆலையில் இயந்திரங்கள் ஒன்றோடொன்று பேச எந்தத் தொடர்பு நெறிமுறையைத் தேர்வது என்று கேட்டால், பேச்சு உடனே வேகத்துக்குத் தாவிவிடுகிறது. ஆனால் யார் முதலில் பேசலாம், கேட்டவர் கேட்டதை எப்படித் தெரிவிப்பார் என்பதே முதல் கேள்வி. திருவண்ணாமலை அதற்குப் பழைய சான்று. குன்றின்மேல் கார்த்திகை விளக்கு இடும் வழக்கம் சீவக சிந்தாமணிக்கே தெரியும். அண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று மாலை ஆறு மணியளவில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து சில நிமிடங்களே காட்சி தருகிறார். கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் ஏறுகிறது. அதைத் தொடர்ந்து 2,668 அடி உயர மலையின் உச்சியில், நெய்யும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத்துணித் திரியும் நிறைந்த கொப்பரையில் பர்வதராஜகுலத்தார் மகா தீபம் ஏற்றுகிறார்கள். கோயில் தொடங்காமல் மலை முந்துவதில்லை. மலையின் மறுமொழியை ஊரே பார்த்துவிடுகிறது. 1979இல் மோடிகான் நிறுவனம் வெளியிட்ட மோட்பஸ் நெறிமுறையிலும் இதே ஒழுங்குதான்: கட்டுப்படுத்தி கேட்டால்தான் கருவி வாய் திறக்கும். ஒரே கம்பியில் பல கருவிகள் இருந்தும் பேச்சு மோதிக்கொள்ளாததற்கு இதுவே காரணம்.

வழிபாட்டைப் பொறியியலாக்குவது தகுமா என்று கேட்கலாம். தீபத்தின் பொருளைப் பற்றி நான் பேசவில்லை. அதை நிறைவேற்றும் ஒழுங்கைப் பற்றியே பேசுகிறேன். ஆறு மணி ஆனதைக் கடிகாரமே காட்டுமே என்ற கேள்வி இன்னும் கூர்மையானது. உற்சவம் சில நிமிடம் தாமதித்தால், கடிகாரத்தை மட்டும் நம்பிய மலை முந்திக்கொள்ளும். நடந்ததைப் பார்த்துச் செயல்பட்டால்தான் இரண்டும் பிசகாது. ஆனால் கார்த்திகை மழைமாதம். மேகம் மூடினால் ஒளி வழி தடைப்படும். தவிர, அது ஆண்டுக்கு ஒரே செய்தி. ஆலையிலோ நொடிக்கு ஆயிரம் அளவீடுகள். ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே நெறிமுறை என்ற ஆசை நிறைவேறாது. 1990களில் நிறுவனங்கள் தத்தம் முறைக்காகப் பிடிவாதம் பிடிக்க, கடைசியில் ஆலைத் தொடர்புக்கான ஐஇசி 61158 தரம் எட்டு நெறிமுறை வகைகளை ஒன்றாக ஏற்க நேர்ந்தது. பலர் அதைத் தோல்வி என்றார்கள்; தேவைகளே வேறுவேறு என்பதன் நேர்மையான ஒப்புதலாகவே எனக்குப் படுகிறது. தண்ணீர்த் தொட்டியின் மட்டம் அறிய மோட்பஸ் தாராளமாகப் போதும். பல மோட்டார்கள் இம்மி பிசகாமல் இசைந்து சுழல வேண்டிய இயந்திரத்திலோ ஒவ்வொன்றும் கேள்விக்குக் காத்திருந்தால் வேலை கெடும். அங்கே பொதுக்கடிகாரமே தலைமை ஏற்கவேண்டும். 2003இல் வந்த ஈதர்கேட் அந்த வேலைக்காக வடிவமைக்கப்பட்டது.